மாற்றிவிட்ட அழைப்பும் மாறாத எண்ணும்

அழைப்பவர் யார் என்பதை அறியும் உரிமையைப் பற்றி இந்திய அரசு அண்மைக்காலத்தில் நிறையவே பேசியிருக்கிறது. அழைப்பவரின் எண்ணோடு பெயரையும் திரையில் காட்டும் ‘சிஎன்ஏபி’ ஏற்பாடு குறித்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 நவம்பரில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் பரிந்துரைகளை வழங்கியது. அதே ஆண்டில் வங்கி, காப்பீடு போன்ற துறைகளின் சேவை அழைப்புகளுக்கென 160 எனத் தொடங்கும் எண்வரிசை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணின் வேடம் பூண்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு செயல்படத் தொடங்கியது. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: ஓர் அழைப்பில் இருவர் மட்டுமே இருக்கிறார்கள், ஒருவர் அழைக்கிறார், மற்றவர் எடுக்கிறார்.

அலுவலகத் தொலைபேசியின் உலகம் இப்படி இல்லை. மருத்துவமனை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பல்கலைக்கழகம், வங்கியின் தலைமையகம் ஆகிய எதற்கு அழைத்தாலும், வேண்டியவர் முதலில் எடுப்பதில்லை. ஆபரேட்டர் எடுக்கிறார், கேட்கிறார், மாற்றிவிடுகிறார். மாற்றிவிடப்பட்ட அழைப்பை எடுப்பவரின் திரையில் யாருடைய எண் தெரிகிறது என்பதைப் பற்றி மேற்சொன்ன விவாதங்களில் பேச்சே இல்லை. பெரும்பாலான இடங்களில் தெரிவது ஆபரேட்டரின் உள்ளெண்தான். நாடு முழுவதும் பெயர் காட்டும் ஏற்பாடு வந்து சேர்ந்தாலும், அந்தப் பெயர் ஆபரேட்டரின் மேசை வரை வந்து அங்கேயே நின்றுவிடும்.

இது சிறு வசதிக்குறைவு என்று தோன்றலாம். பழைய கட்டடமும் புதிய கட்டடமும் கொண்ட ஒரு மருத்துவமனையை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இரவு 2 மணிக்கு ஒருவர் பொது எண்ணை அழைக்கிறார். அன்று மாலை வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது என்கிறார். பழைய கட்டடத்தில் இருக்கும் ஆபரேட்டர் புதிய கட்டடத்தின் பணி மருத்துவருக்கு மாற்றிவிடுகிறார். மருத்துவர் இரண்டு வாக்கியம் கேட்பதற்குள் அழைப்பு அறுந்துபோகிறது. மருத்துவரின் திரையிலும் அழைப்புப் பட்டியலிலும் இருப்பது ‘9’ என்ற ஒற்றை இலக்கம். அவர் 9-ஐ அழைத்தால் ஆபரேட்டர் வேறோர் அழைப்பில் இருக்கிறார். எண் அந்த வளாகத்துக்குள் வந்தது உண்மை. பழைய கட்டடத்தின் இயந்திரத்துக்குள் பதிவாகியிருப்பதும் உண்மை. தேவைப்பட்டவரிடம் அது போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சிக்கல் இவ்வடிவில் இல்லை. டிரங்க் கால் பதிவு செய்த காலத்தில், இன்னாரோடு மட்டுமே பேச வேண்டும் என்று கேட்டு வாங்கும் ‘பி.பி.’ அழைப்பு என்ற ஒன்று இருந்தது. கடிதத் தலைப்புகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டால், அது அண்டைவீட்டுத் தொலைபேசி என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கெல்லாம் மூன்றாவது மனிதர் ஒருவர் நடுவில் இருந்தார். அழைத்தவர் யார் என்ற செய்தியை அவரே வாயால் எடுத்துச் சென்று சேர்த்தார். காலர் ஐடி வந்த பிறகு அந்தப் பொறுப்பு மனிதரிடமிருந்து திரைக்குப் போயிற்று. திரை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில் மனிதர் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். மாற்றிவிடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் திரையும் சொல்வதில்லை, மனிதரும் சொல்வதில்லை.

மொழியியலில் பயிற்சி உள்ளவர்களுக்கு இச்சிக்கலின் உருவம் பழக்கமானதாகவே இருக்கும். ‘நான்’ என்ற சொல் எவரையும் நிலையாகக் குறிப்பதன்று. பேசுபவர் மாறினால் அதன் பொருளும் மாறும். ஆபரேட்டர் முதலில் மருத்துவரிடம் பேசும்போது அந்த இணைப்பின் ‘நான்’ ஆபரேட்டர். அவர் பொத்தானை அழுத்தி விலகியதும், அதே இணைப்பின் ‘நான்’ நோயாளியின் உறவினர். காது இதனை உடனே உணர்ந்துகொள்கிறது. திரைக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். தமிழில் பிறர் கூற்றைச் சொல்லும்போது ‘வருகிறாராம்’ என்று ஓர் ‘ஆம்’ சேர்த்து, சொல்பவர் வேறு, செய்திக்கு உரியவர் வேறு என்று பிரித்துவிட முடிகிறது. தொல்காப்பியம் தருதல், வருதல் என்னும் சொற்களைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியனவாகவும், செல்லுதல், கொடுத்தல் என்பவற்றைப் படர்க்கைக்கு உரியனவாகவும் வகுத்தது. இன்றைய பேச்சில் இவ்வரையறை தளர்ந்துவிட்டது. ஆயினும் ‘டாக்டருக்கு லைன் கொடுக்கிறேன்’ என்ற வாக்கியத்தில் கொடுப்பவர், கொள்பவர், கொடுக்கப்படும் பொருள் ஆகிய மூன்றும் தெளிவாக நிற்கின்றன. தொலைபேசி இயந்திரங்களின் மொழியிலும் இம்மூன்றையும் பிரித்துச் சொல்ல இடம் உண்டு. இரண்டு இயந்திரங்கள் வெவ்வேறு மொழி பேசும்போதுதான் ஒன்று விட்டுப்போகிறது.

அந்த மொழிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இதற்குமேல் வாதிட முடியாது.

மாற்றிவிடுதல் இரு வகை. ஆபரேட்டர் மருத்துவரை முதலில் அழைத்து, ‘இப்படி ஒருவர் பேசுகிறார், இணைக்கட்டுமா?’ என்று கேட்டு இணைப்பது ஒன்று. இதனைச் சொல்லி மாற்றுதல் எனலாம். கேட்காமல் எண்ணை அழுத்தி விட்டுவிடுவது மற்றொன்று; இது சொல்லாமல் மாற்றுதல். சொல்லி மாற்றும்போது, மணி அடிக்கும் கணத்தில் மருத்துவரின் திரையில் ஆபரேட்டரின் எண் தெரிவது பிழையே அன்று. அப்போது அழைப்பவர் உண்மையில் ஆபரேட்டர்தான். இணைத்த பிறகும் அது மாறாமல் நிற்பதுதான் பிழை. சொல்லாமல் மாற்றும்போதோ, மணி அடிக்கும்போதே வெளியாளின் எண் தெரிய வேண்டும். புகார் எழுதுபவர்கள் இவ்விரண்டையும் பிரிக்காமல் ‘காலர் ஐடி வரவில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். சரிசெய்ய வருபவர் ஒரு வகையைச் சோதித்துச் சரி என்கிறார். புகார் கொடுத்தவர் மற்ற வகையைப் பயன்படுத்துகிறார். பாதி நாட்கள் இதிலேயே போகின்றன.

இரண்டு கட்டடங்களின் இணைப்பகங்களையும் சாதாரண அனலாக் கம்பி ஒன்று இணைத்தால், சொல்லி மாற்றும் அழைப்பில் எண் மாறும் என்று எதிர்பார்ப்பதே வீண். அனலாக் கம்பியில் எண் ஒரே ஒரு முறை, மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி அனுப்பப்படுகிறது. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் அனுப்பும் முறையும் உண்டு; மணிக்கு முன்பே விசை ஒலிகளாக அனுப்பும் முறையும் உண்டு. இரண்டு முனைகளும் ஒரே முறைக்கு அமைக்கப்படாவிட்டால் அந்த ஒரு முறையும் வராது. பேச்சு தொடங்கிய பின், இந்த எளிய இணைப்பில், ‘ஆள் மாறிவிட்டார்’ என்று சொல்ல வழி இல்லை.

அடுத்தது பிஆர்ஐ என்னும் எண்மக் கம்பி: பேச்சுக்கு 30 தடங்கள், சைகைக்குத் தனியாக ஒன்று. இந்திய அலுவலகங்களின் இபிஏபிஎக்ஸ் பெட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சைகைத் தடம் தனியாக இருப்பதால் பேச்சின் நடுவிலும் செய்தி அனுப்ப முடியும். ஆனால் அக்கம்பியை எந்த இலக்கணத்தில் பேசவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. தொலைபேசி நிறுவனத்தோடு பேசுவதற்கான பொது இலக்கணத்தில் இரு கட்டடங்களையும் இணைத்திருந்தால், அழைப்பைத் தொடங்கும்போது சொன்ன எண்ணே கடைசிவரை நிற்கும் என்று கொள்ளலாம். தனியார் இணைப்பகங்கள் தமக்குள் பேசுவதற்கென்றே வகுக்கப்பட்ட ‘க்யூசிக்’ என்ற இலக்கணம் உண்டு. ஐரோப்பாவின் எக்மா அமைப்பு வகுத்து, பின்னர் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது அது. ‘மாற்றம் முடிந்தது, இனி அந்த முனையில் இருப்பவர் இன்னார்’ என்று சொல்லும் செய்தி அதில் உண்டு. ஒரே கம்பி, ஒரே அட்டை. அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால் பல சமயம் சிக்கல் தீர்ந்துவிடும். சில நிறுவனங்கள் அந்தத் தெரிவுக்குத் தனி உரிமக் கட்டணம் கேட்கின்றன என்பதும், வாங்கும்போது அதனை யாரும் கேட்பதில்லை என்பதும் வேறு கதை.

புதிய கட்டடங்களில் இருப்பது இணைய நெறிமுறைத் தொலைபேசி. அதன் மொழி எஸ்ஐபி. இன்று வழங்கும் அதன் அடிப்படை ஆவணம் 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261. இம்மொழியில் சிக்கல் சொல்லின்மை அன்று, சொல் மிகுதி. அழைப்பவர் யார் என்பதை ‘ஃப்ரம்’ என்ற தலைப்பு சொல்கிறது. வலையமைப்பு உறுதி கூறும் அடையாளத்தை ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’ சொல்கிறது; அது ஆர்எஃப்சி 3325. அதே வேலையைச் செய்ய ‘ரிமோட்-பார்ட்டி-ஐடி’ என்று ஒன்று இருக்கிறது. அது வரைவாகவே நின்றுபோய் ஆர்எஃப்சி ஆகவே இல்லை, ஆனாலும் இன்றுவரை ஏராளமான கருவிகள் அதையே பேசுகின்றன. யார் திருப்பிவிட்டார் என்பதைச் சொல்ல ‘டைவர்ஷன்’ ஒன்று, ‘ஹிஸ்டரி-இன்ஃபோ’ ஒன்று. யார் மாற்றிவிட்டார் என்பதைச் சொல்ல ‘ரெஃபர்ட்-பை’. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது இலக்கியத்துக்கு வளம். இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளுக்கு இடையில் அது சண்டை. ஒரு பெட்டி உண்மையான எண்ணை ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’யில் வைத்து அனுப்புகிறது, எதிர்ப் பெட்டி ‘ஃப்ரம்’ மட்டும் படிக்கிறது. இரண்டும் தத்தம் கையேட்டின்படி சரியாகவே நடந்துகொள்கின்றன.

நம்பிக்கை என்ற ஒன்றும் இங்கே உண்டு. உறுதி கூறும் தலைப்பை நம்பத்தக்க அண்டைப் பெட்டியிடமிருந்து வந்தால் மட்டுமே ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. ஏமாற்றைத் தடுக்க அது தேவை. ஆகவே புதிய பெட்டியில், பழைய கட்டடத்திலிருந்து வரும் இணைப்பை ‘நம்பத்தக்கது’ என்று குறிக்காவிட்டால், வந்த எண்ணை அது அமைதியாகக் கழித்துவிடும். ஆஸ்டரிஸ்க் போன்ற திறந்தமூல மென்பொருளில் உள்வரும் அடையாளத்தை நம்புவதும், வெளிச்செல்லும்போது அடையாளத்தை அனுப்புவதும் தனித்தனித் தெரிவுகள். ஒன்றை இயக்கிவிட்டு மற்றதை மறப்பது மிக எளிது. இணைந்த பின் ஆள் மாறுவதைத் தெரிவிக்கும் வசதியே அதில் 2010-இல் வந்த 1.8 பதிப்பில்தான் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் வழியாக வெளிக்கம்பியை இணைக்கும் இடங்களில், திருப்பிவிட்ட வரலாற்றை அனுப்புவது தனியே இயக்க வேண்டிய ஒரு தெரிவு.

ஆக, மேலே சொன்ன மருத்துவமனையில் 9 என்ற இலக்கம் உண்மையான எண்ணாக மாற வேண்டுமானால் நான்கு கண்ணிகள் அறாமல் இருக்க வேண்டும். பழைய பெட்டி, மாற்றம் முடிந்தது என்ற செய்தியைச் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் கேட்வே அதனை எஸ்ஐபிக்கு மொழிபெயர்க்க வேண்டும். புதிய பெட்டி அதனை நம்ப வேண்டும். மருத்துவரின் கருவி, பேச்சின் நடுவில் திரையைப் புதுப்பிக்க வேண்டும். நான்காவதை எல்லோரும் மறக்கிறார்கள். சில கருவிகளில் திரை மாறுகிறது, ஆனால் அழைப்புப் பட்டியலில் முதலில் வந்த எண்ணே பதிவாகிறது; அழைப்பு அறுந்த பின் தேவைப்படுவதோ பட்டியல்தான்.

பழுதைத் தேடும் முறை இதிலிருந்தே பிறக்கிறது. பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவென்றால், பழைய பெட்டியின் பராமரிப்பாளர் புதிய பெட்டியைக் குறை சொல்கிறார். புதிய பெட்டியின் பொறியாளர் கேட்வேயைக் குறை சொல்கிறார். கேட்வேயை நிறுவியவர் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்கிறார். இப்பஞ்சாயத்தை முடிக்க வல்லது ஒன்றே: எல்லையில் நின்று, கடந்துபோன செய்தியை எழுத்தில் எடுத்துக் காட்டுவது. முதலில் மாற்றம் எதுவும் இல்லாமல், வெளியெண் ஒன்றிலிருந்து நேரே புதிய கட்டடத்து உள்ளெண்ணை அழைத்துப் பார்க்க வேண்டும். அதிலேயே எண் வரவில்லை என்றால் மாற்றிவிடுதலைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பிறகு சொல்லாமல் மாற்ற வேண்டும், பிறகு சொல்லி மாற்ற வேண்டும், பிறகு எதிர்த்திசையில் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிஆர்ஐ பக்கத்தின் சைகைப் பதிவையும் எஸ்ஐபி பக்கத்தின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எண் எந்தப் படியில் விழுந்தது என்பது பெரும்பாலும் முதல் பார்வையிலேயே தெரியும். வயர்ஷார்க் போன்ற இலவசக் கருவியே இதற்குப் போதும். விலை உயர்ந்த ஆலோசகர் தேவையில்லை. இரண்டு நிறுவனத்தாரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருப்பதுதான் தேவை. அதுதான் கிடைப்பதில்லை.

எதிர்த்திசைச் சோதனையில் வேறொரு வேடிக்கையும் வெளிப்படும். பழைய கட்டடத்துக்கு வந்த அழைப்பு புதிய கட்டடத்துக்கு மாறி, அங்கிருந்து மீண்டும் பழைய கட்டடத்தின் வேறோர் உள்ளெண்ணுக்கு மாறினால், அது இரு கட்டடங்களுக்கு இடையிலான 30 தடங்களில் இரண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பேசுபவர் இருவரும் ஒரே கட்டடத்தில் முடிந்த பிறகும், பேச்சு போய்ச் சுற்றி வருகிறது. காலை 10 மணிக்கு ‘லைன் கிடைக்கவில்லை’ என்ற புகார் வரும்போது, தடங்களைக் கூட்ட வேண்டும் என்று பரிந்துரைப்பவர்கள் இந்தச் சுற்றுப் பாதையை எண்ணிப் பார்ப்பதில்லை. க்யூசிக்கில் பாதையைச் சுருக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு.

எண் வந்து சேர்ந்தாலும் பயன்படாத நிலையும் இருக்கிறது. இது முழுக்க இந்தியச் சிக்கல். 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். அலுவலக இணைப்பகத்தில் வெளிக்கம்பி பிடிக்கவே பல இடங்களில் ஒரு பூஜ்யம் வேண்டும். திரையிலோ பத்து இலக்கம் மட்டுமோ, 91 சேர்ந்தோ வருகிறது. திரும்ப அழைக்கும் பொத்தானை அழுத்தினால், இணைப்பகம் அதன் முதல் இலக்கங்களை உள்ளெண் என்று எடுத்துக்கொண்டு வேறு எவருக்கோ மணி அடிக்கிறது, அல்லது தவறான எண் என்கிறது. வெளியூர்த் தரைவழி எண்களில் ஊர்க் குறியீட்டின் முன்பூஜ்யம் எங்கோ உதிர்ந்திருக்கும். இரண்டு பெட்டிகளும் ஒரே வடிவத்தில் எண்ணைப் பரிமாறிக்கொள்வதும், கடைசிப் பெட்டி அதனை அழுத்தத்தக்க வடிவில் காட்டுவதும் ஒரு நாள் வேலை. எவருடைய வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதாததால் அது ஆண்டுக் கணக்கில் நிற்கிறது.

பெயருக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். சிஎன்ஏபி காட்ட இருப்பது வாடிக்கையாளர் விண்ணப்பப் படிவத்தில் உள்ள பெயரை. முதலெழுத்து முன்னா பின்னா, தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிட்டதா என்ற தமிழரின் நிரந்தரக் குழப்பங்கள் எல்லாம் அப்படியே திரைக்கு வரும். எஸ்ஐபி யூனிகோடு பேசும். தமிழ், வங்காளம், உருது எதையும் எடுத்துச் செல்லும். பிஆர்ஐயின் பெயர்ப்புலமோ அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்தது. புதிய கட்டடத்தில் தமிழில் பதிந்த பெயர் பழைய கட்டடத்துக்குப் போகும்போது கேள்விக்குறிகளாகவோ வெற்றிடமாகவோ மாறுவதற்கு இதுவே காரணம். உள்ளூர் மொழியில் பெயர்ப்பலகை வைப்பதற்கு அரசாணைகள் உள்ள நாட்டில், அலுவலகத் தொலைபேசி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியிலும் இந்திய எழுத்துகளைத் திரையில் காட்ட வேண்டும் என்ற ஒரு வரி இடம்பெற வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று.

உண்மையான அழைப்பாளரின் எண்ணையே காட்ட வேண்டும் என்ற இந்நிலைப்பாட்டுக்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் வலுவற்றது: ‘ஆபரேட்டர் எண் தெரிந்தால்தான் அதிகாரிகள் எடுக்கிறார்கள், வெளியெண் என்றால் எடுப்பதில்லை’ என்பது. அது எண்ணை மறைப்பதற்கான காரணம் ஆகாது. இரண்டையும் காட்டுவதற்கான காரணம். ‘இன்ன எண், ஆபரேட்டர் வழி’ என்று இரண்டு வரிகளில் காட்ட இன்றைய கருவிகள் பலவற்றால் முடியும். அதற்கான தலைப்புகள் மேலே சொல்லப்பட்டன.

வலுவான மறுப்பு சட்டத்தைச் சார்ந்தது. பணி மருத்துவர் வளாகத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறார். அவருடைய கைபேசிக்கு மாற்றிவிட வேண்டும். அப்போது அழைப்பு மீண்டும் தொலைபேசி நிறுவனத்தின் கம்பி வழியே வெளியே போகிறது. நோயாளியின் எண்ணை மருத்துவமனையின் கம்பியிலிருந்து அனுப்ப முடியுமா? நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய எண்வரிசைக்கு வெளியே எது வந்தாலும் அதனை முதன்மை எண்ணாக மாற்றிவிடுகின்றன அல்லது அழைப்பையே நிராகரிக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைத்தொடர்பு அடையாளத்தைத் திரிப்பதை மூன்றாண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாக்கியிருக்கிறது. இக்கட்டுப்பாடு சரியானது. பிறருடைய எண்ணை வைத்து அழைக்கும் வாசலை மருத்துவமனைக்குத் திறந்துவிட்டால், அதே வாசல் வழியே மோசடிக் கும்பலும் வரும். ஆகவே வெளியே போகும் மாற்றத்தில் எண்ணைத் திரையில் காட்ட முயல்வது வீண் வேலை. அதனை மருத்துவரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகத் தானே அனுப்பும்படி அமைப்பதோ, மருத்துவரின் கைபேசியையே மென்பொருள் வழி ஓர் உள்ளெண்ணாக ஆக்குவதோ நேர்மையான வழி. அதுவும் இல்லாத இடத்தில், ஆபரேட்டர் இணைக்கும் முன் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழைய டிரங்க் கால் ஒழுக்கம் அங்கே இன்னும் வேலை செய்யும்.

மூன்றாவது மறுப்பு அந்தரங்கம் பற்றியது. கவனமாக எடைபோட வேண்டியதும் இதுவே. 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ 1098 என்ற சிறார் உதவி எண்ணையோ அழைப்பவர், தம் எண் எத்தனை மேசைகளில் தெரிகிறது என்று அறியமாட்டார். ஓர் அக்கறையுள்ள அலுவலர் திரும்ப அழைத்து, அந்த அழைப்பை அதே வீட்டில் இருக்கும் வேறொருவர் எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு விடை எல்லா எண்களையும் மறைப்பது அன்று. எண்ணோடு சேர்ந்து ‘இதைக் காட்டலாம்’, ‘காட்டக்கூடாது’ என்ற குறிப்பும் பயணம் செய்கிறது. பிஆர்ஐயிலும் அது உண்டு, எஸ்ஐபியிலும் உண்டு. பெட்டிகளுக்கு இடையே மொழிபெயர்க்கும்போது எண் தொலைவதைப் போலவே இக்குறிப்பும் தொலையலாம். மறைக்கச் சொன்ன எண் அடுத்த கட்டடத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரியலாம். காட்ட வேண்டியது தெரியாமல் போனால் புகார் வரும். மறைக்க வேண்டியது தெரிந்துபோனால் பெரும்பாலும் புகாரே வராது, ஏனெனில் பாதிக்கப்பட்டவருக்கு அது நடந்ததே தெரியாது. சோதனை நாளில் எண்ணை மறைத்த ஓர் அழைப்பையும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று இதுவரை எத்தனை பொறியாளர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும்?

இவ்வளவும் தெரிந்த செய்திகளே. எந்தத் தொலைபேசிப் பொறியாளருக்கும் இதில் புதுமை இல்லை. அப்படியிருந்தும் நிலைமை மாறாததற்குக் காரணம் வாங்கும் முறையில் இருக்கிறது. பழைய பெட்டி ஒரு காலத்தில் ஒரு துறை வாங்கியது. புதிய கட்டடத்தின் பெட்டி கட்டுமான ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் இணைக்கும் கேட்வே ‘இதர செலவு’ கணக்கில் வாங்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் எத்தனை உள்ளெண்கள், எத்தனை கருவிகள், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ‘ஏற்கெனவே உள்ள இபிஏபிஎக்ஸுடன் இணைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இணைக்கப்பட்டது என்பதற்கு, ஒரு முனையில் பேசினால் மறுமுனையில் கேட்கிறது என்பதே சான்றாக ஏற்கப்படுகிறது.

அந்த ஒரு வரிக்குப் பதிலாக அரைப்பக்கம் எழுதினால் போதும். வெளியிலிருந்து வந்த அழைப்பு, சொல்லியும் சொல்லாமலும் இரு திசைகளிலும் மாற்றப்படும்போது, கடைசியாக எடுப்பவரின் திரையிலும் அழைப்புப் பட்டியலிலும் முதலில் அழைத்தவரின் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு பொத்தானில் திரும்ப அழைக்க முடிய வேண்டும். மறைக்கப்பட்ட எண் எந்த முனையிலும் தெரியக்கூடாது. மாற்றியவரின் உள்ளெண் தனியே தெரிய வேண்டும். பழைய பெட்டியில் க்யூசிக் உரிமம் இல்லையென்றால் அதன் செலவை யார் ஏற்பது என்பது முன்பே எழுதப்பட வேண்டும். ஒப்படைக்கும் நாளில் ஆபரேட்டரையும் பணி மருத்துவர் ஒருவரையும் உட்காரவைத்து, பழைய பெட்டிக்காரரும் புதிய பெட்டிக்காரரும் முன்னிலையில் இந்த அழைப்புகளைச் செய்து பார்த்து, முடிவுகளை ஒரு தாளில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்க வேண்டும்.